பாதிப் பொருத்தம்

எலும்பின் டிஎன்ஏ சோதனை முடிவுக்கு எதிரே, திரையில் அவளுடைய பணியாளர் எண் வந்து நின்றது. சோதிப்பவர்களின் எச்சிலோ வியர்வையோ மாதிரியில் கலந்துவிட்டால் தெரியவேண்டும் என்று ஆய்வகத்தில் எல்லோருடைய டிஎன்ஏவையும் முன்பே பதிந்து வைத்திருந்தார்கள். தொடை எலும்பைத் துளைத்தபோது எழுந்த கருகல் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இத்தனை வருட வேலைக்குப் பிறகு இப்படிச் சொதப்பினோமே என்று அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

"தும்மித் தொலைச்சிருப்பே. மறுபடி போடு," என்றார் மேலதிகாரி.

புதுக் கையுறை, புது முகமூடி. மூச்சைக்கூட அளந்து விட்டபடி இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அதேதான் வந்தது. டிஎன்ஏவில் பார்த்த இடத்திலெல்லாம் சரிபாதி மட்டும் அவளுடையது. அவளுடையது கலந்திருந்தால் முழுசாகத் தெரிந்திருக்கும். இப்படிப் பாதி பொருந்தினால் அது பெற்றவர், இல்லை பெற்ற பிள்ளை. அவள் பெற்றது நான்கு வயதுப் பாப்பா. இதுவோ வளர்ந்த பெண்ணின் எலும்பு.

அம்மா எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக அப்பா சொல்லிவந்தார். அதை நம்பி, அம்மாவைக் கரித்துக் கொட்டியே வளர்ந்தவள் அவள்.

கோப்பைப் பிரித்தாள். இடிக்கப்பட்ட வாடகை வீடு. சமையலறைத் தரைக்கு அடியில் சிமெண்டுக்குள் உடல். மண்டையில் ஒன்பது சுத்தியல் அடி, தாடை இரண்டாக. சிமெண்டில் விரல்கள் பிறாண்டிய தடம்; அதைக் கொட்டும்போது உயிர் இருந்திருக்கிறது.

அப்பா கொத்தனார். போன வாரம் செய்தித்தாளை மடித்தபடி, அந்த எலும்பு யாரிடம் வரும் என்று கேட்டார். என் கைக்குத்தான்பா வரும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

பாப்பா இப்போது அவரிடம்தான் இருந்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. ஓடினாள்.

அப்பா வீட்டு வாசல் திறந்தே கிடந்தது. உள்ளே ஈரச் சிமெண்டின் வாடை. சமையலறையில் பெயர்த்துப் போட்ட தரைக்கற்கள், குழைத்து வைத்த சிமெண்டு. நீளமாக ஒரு குழி. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

சின்னதில் பாப்பா கால் நீட்டிப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா தோண்டினாரு. எனக்குச் சரியா இருக்கும்மா."

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"நீயும் உங்கம்மா உயரம்தானே," என்றார் அப்பா.

முதல் அடி. காதுக்குப் பின்னால் எலும்பு நொறுங்கியது. முகம் குப்புற விழுந்தாள். இரண்டாவது அடி. ரத்தம் வாயை நிறைத்தது. பாப்பாவை நோக்கி நீட்டிய கை எட்டவில்லை.

விரல்கள் ஈரச் சிமெண்டைப் பிறாண்டின.