மழை படாத பென்ஸ்

துருவைத் தேடித்தான் முருகேஸ்வரி விலைக்கு வந்த அந்தப் பென்ஸ் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். டார்ச்சை அடித்தாள். அங்கே இரண்டு கண்கள் இருந்தன…

பெரிய கண்கள். திருட்டு முழி. கையில் கறுப்புப் பெயின்ட் பிரஷ்.

"யாரு நீங்க?"

"கத்தாதீங்க… இந்த ஊட்டுப் பையனுங்க. பூபதிராஜா."

பதறியதில் பிரஷ் அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டது.

முற்றத்தில் அவன் அப்பா அப்புசாமியின் சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது. கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பேச்சு மட்டும் ஓமன் பாலைவனத்துக்கே பட்டா வாங்கியவர் மாதிரி.

"மச்சினன் எண்பத்தஞ்சுல ஓமன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்ததுங்க. குடும்பமே ஏறலாம். மழைன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது. துருவா? அந்த வார்த்தையவே இதுக்கு முன்னால பேசக் கூடாதுங்க!"

முருகேஸ்வரி பீர்மேட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவள். அந்த மலையில் மழை வண்டியைத் தின்னும். போன மாதம் அவளுடைய பழைய வேனின் தரை, ஒரு பயணியின் செருப்போடு சாலையில் உதிர்ந்தது. இன்னொரு வண்டியும் அப்படி ஆனால் பிழைப்பே போய்விடும்.

துணி சுற்றிய காந்தத்தை அடித்தட்டில் ஓட்டினாள். சமர்த்தாக ஒட்டிக்கொண்டே வந்த காந்தம், டிரைவர் சீட்டுக்குக் கீழே மட்டும் பொத்தென்று விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தகரமே இல்லை. பட்டி அடைத்து, மேலே ஈரப் பெயின்ட்!

"மழையே படாத வண்டில இங்க மட்டும் எப்படித் துரு வந்துச்சு?" கோபத்தை ஆவல் முந்திக்கொண்டது.

"எனக்கும் புரியலைங்க. அடைச்சு பெயின்ட் அடிரான்னாரு அப்பா. மேல விரிப்பைத் தொட அம்மா விடமாட்டாங்க…"

வெளியே வந்தாள். "ஐயா, சீட்டுக்குக் கீழ விரிப்பைத் தூக்கிப் பாத்துக்கிடட்டுமா?"

"எம் பேச்சுமேல சந்தேகமாம்மா? அப்ப மலைக்கே போய்க்குங்க!" மீசை துடித்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

பூபதி வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். விரிப்பைத் தூக்கினால் அப்பாவின் நாற்பது வருட மீசை இறங்கிவிடும். தூக்காவிட்டால்… டார்ச்சுக்குப் பின்னால் அவன் பார்த்த அந்தக் கண்கள் பஸ் ஏறிவிடும்.

தூக்கினான்.

கசிந்து ஊறிப்போன சிவப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால்… கல் உப்பு!

"ஊர்க்கண்ணு பட்றக் கூடாதுன்னு நாந்தான் வெச்சேன்," என்றார் வாசலில் நின்ற அம்மா நாச்சம்மாள், பெருமை பொங்க. "அமாவாசைக்கு அமாவாசை புதுசா மாத்திருவனுங்க."

பாலைவனம் பத்திரமாக அனுப்பி வைத்த வண்டியைக் குடும்பப் பெருமை உப்பாகக் கசிந்து தின்றிருந்தது.

அப்புசாமி வாயைத் திறப்பதற்குள் சடசடவென்று தூறல். "ஐயோ, வண்டி நனையுது!" என்று வேட்டியை மடித்துக் கட்டி, தார்ப்பாய் எடுக்க ஓடினார். முகத்தை வைத்துக்கொள்ள அவருக்கும் ஓர் இடம் வேண்டுமே!

முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இமையில் ஒரு மழைத்துளி நடுங்கியது…

"மத்த எடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டைக்குத் தகரம் வெச்சு வெல்டு பண்ணிக் குடுங்க. எடுத்துக்கிடுதேன்."

"நானே பீர்மேட்டுக்கு ஓட்டியாறனுங்க," என்றான் பூபதி.

"திரும்பிப் போக பஸ்ஸு இருக்கு."

"திரும்ப மனசில்லைன்னா…?"

பதில் தேடுகிறவள் போல வண்டிக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். கன்னத்தில் கறுப்பு! துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"தொடைக்காதீங்க… எங்க ஊட்டுல மனசுக்குப் புடிச்சதுக்கெல்லாம் திருஷ்டிக்கு ஏதாச்சும் வெப்போமுங்க. அந்தப் பொட்டு… இருக்கட்டும்."

கை அந்தரத்தில் நின்றது. பெயின்ட் படாத இடமெல்லாம் சிவந்தது.

"சரி… இருக்கட்டும். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க…"

"நம்ம வீட்ல உப்பு, கொழம்புக்கு மட்டுந்தான்!"