முன்னால் போகிறவளின் கை

மிதிப்பதை நிறுத்தினால்தான் ரேஸ் சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று சத்தம் போடும். மிதித்துக்கொண்டே இருந்தால் வாய் திறக்காது. சிவசக்திக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இரண்டு வருடமாக இந்தச் சைக்கிளோடுதான் அவள் குடித்தனம். அதனால், குளக்கட்டின் நடுவில் ஒரு கணமும் நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருக்கும்போது அந்த டிக் டிக் காதில் விழுந்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எதுவோ கழன்றுவிட்டது என்று குனிந்து பார்த்தாள். சங்கிலி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் சைக்கிளிலிருந்து வரவில்லை. கொஞ்சம் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். தார்க் காபட் போட்ட பாதை வெறுமையாகக் கிடந்தது. ஒரு பக்கம் குளம், தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள், அவற்றின்மேல் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். மறுபக்கம் அறுத்துப் போட்ட வயல். ஐந்தரை மணி வெயில் சாய்ந்து, அவளுடைய நிழலை வயலில் நீளமாக இழுத்துக்கொண்டு போனது. நிழல் ஒன்றுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மஹியங்கனையைச் சுற்றிக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தக் குளத்தை ஒருமுறை சுற்றினால் நாலு கிலோமீற்றர், மேடு பள்ளம் என்ற பேச்சே கிடையாது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது முதலில் அதிசயமாக இருந்தது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சைக்கிளைச் சும்மா விட்டால் அது தானே பள்ளத்துக்கு ஓடிவிடும். வேகம் பழகச் சமதரை வேண்டும் என்று, பயிற்சி கொடுக்கும் பஸீல் மாஸ்டர்தான் சனிக்கிழமைகளில் பதுளையிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவருவார். நாளை ஞாயிறு, மாகாண சைக்கிள் அணிக்கான தெரிவு. பெண்களில் ஒருத்திக்கு மட்டும் இடம். எடுபட்டால் கொழும்பில் ஒரு கம்பனி அணியில் வேலை. எடுபடாவிட்டால் திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டவேண்டியதுதான். அம்மாவின் வெடித்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புவரை இங்கே இரண்டு பேர் சைக்கிள் ஓடினார்கள், சிவசக்தியும் அடுத்த லயத்து ஜெசீகாவும். இரண்டு பேர் ஓடும்போது காற்றை உடைப்பது முன்னால் போகிறவளின் வேலை. பின்னால் வருகிறவள் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு ஓசியில் வருவாள், இடையிடையே மிதிக்காமல்கூட வருவாள். ஆனால் அவளுக்குப் பாதை தெரியாது, முன்னால் ஓடும் சக்கரம் மட்டும்தான் தெரியும். பாதையில் என்ன கிடக்கிறது என்பதை முன்னால் போகிறவள் கையால் சொல்லவேண்டும். விரலைக் கீழே நீட்டினால் குழி. உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் விரித்து ஆட்டினால், பாதை நன்றாக இருக்கிறது, வா. களைத்துப்போனால் முழங்கையை ஒருதரம் வெளிப்பக்கமாக வெட்டி அசைத்துவிட்டு ஒதுங்கவேண்டும், பின்னால் இருப்பவள் முன்னுக்கு வருவாள். பேச மூச்சு இருக்காது. உயிரே அந்தக் கையில்தான்.

கட்டு முடியும் இடத்தில், குளத்தில் மிஞ்சிய தண்ணீர் இரைச்சலோடு வழிந்தோடும் வான் இருக்கிறது. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். திருத்த வேலைக்கென்று வலப்பக்கத்தில் கழற்றிய கொங்கிரீட் பலகையை இன்றுவரை யாரும் திரும்ப வைக்கவில்லை, அந்த இடம் ஓட்டையாகவே கிடந்தது. இடப்பக்கமாகப் போனால் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சிவசக்தி முன்னால் போனாள். கடைசி நொடியில் சைக்கிளை இடப்பக்கம் வெட்டினாள். ஜெசீகா வெட்டவில்லை. மறுநாள் காலையில் அவளை ஆகாயத்தாமரைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

"நான் கை காட்டினேன் சேர்," என்று சிவசக்தி பொலிசில் சொன்னாள். செத்த வீட்டிலும் அதையே சொன்னாள். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் ஜெசீகாவின் அம்மா அந்தோனியம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீ கை காட்டினியாமே புள்ள. அவதான் பாக்காம உட்டுட்டா போல. ஒன்னய நான் ஒன்னுமே சொல்லல. இந்தா, அவ கிளவுசு. நீயாச்சும் செயிச்சுக் குடு."

அந்தக் கிளவுஸ்தான் இப்போது சிவசக்தியின் கைகளில் இருந்தது. அவளுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது.

பாலத்தை இடப்பக்கமாகக் கடந்தாள். அபாயத்துக்குக் கட்டிய சிவப்பு நாடாவைக் காற்று பிய்த்துவிட்டிருந்தது. ஒரு துண்டு மட்டும் கம்பியில் துடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சொன்னது ஐந்து சுற்று. இரண்டாவது சுற்றில் மணம் வந்தது. முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணம். ஜெசீகா ஓடப்போகுமுன் அரைப் போத்தலைத் தேய்த்துக்கொள்வாள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். குளக்கட்டில் காற்று எதிரேயிருந்து வீசியது, அவள் கண்ணில் நீர் வரும்படி வீசியது. மணமோ பின்னாலிருந்து வந்தது. தைலத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது, பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை. இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சைக்கிள் கோணும், நேரம் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

டிக் டிக் டிக். நிற்கும். கொஞ்சம் மிதிக்கும் சத்தம். மறுபடி டிக் டிக் டிக். ஓசியில் வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

மூன்றாவது சுற்றின் முடிவில் குளத்துப் படிக்கட்டருகே மாஸ்டர் கடிகாரத்தோடு நின்றார். அவரைக் கண்டதும் சிவசக்திக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷ முகம். நிறுத்திவிடலாமா என்று பிரேக்கில் விரலை வைத்தாள். அதற்குள் அவர் கையை வீசிக் கத்தினார்.

"பொறத்தால ஆரு அது? ஆள ஒட்டவெச்சிக்கிட்டு ஓடினா நேரம் கணக்கில்ல! அந்தப் புள்ளயக் கழட்டிவிட்டுட்டு ஓடு!"

விரல் பிரேக்கிலிருந்து தானாக விலகியது. நிறுத்தினால் அதுவும் நிற்கும். பக்கத்தில் வந்து நிற்கும். முகத்தைப் பார்க்கவேண்டி வரும்.

ஓடினாள்.

நாலாவது சுற்று முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது அவள் அல்ல, அவளுடைய பயம். தொடை எரிந்தது. அக்கரை விகாரையில் பிரித் மந்திரம் ஓதத் தொடங்கி, அந்த ஒலி தண்ணீர்மேல் தட்டுத்தடுமாறி வந்தது. நீர்க்காகங்கள் ஒன்றுகூட இல்லை. எப்போது பறந்தன என்று தெரியவில்லை. எத்தனை வேகம் எடுத்தாலும் டிக் டிக் அதே ஒரு சாணில் வந்தது, மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. மூச்சே இல்லை.

"நான் கை காட்டினேன்டி," என்றாள் சத்தமாக. "காட்டினேன்!"

அது பொய்யில்லை. காட்டத்தான் செய்தாள். ஜெசீகா விழுந்ததற்கு முந்தின சனிக்கிழமை மாஸ்டர் இருவரின் நேரத்தையும் ஒப்பிட்டு, இப்படியே போனால் தெரிவில் இடம் ஜெசீகாவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு வானின் இரைச்சல் கேட்டதும் பின்னாலிருந்து ஜெசீகா, "பாலமாடி?" என்று கேட்டாள். சிவசக்தி விரலைக் கீழே நீட்டவில்லை. உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் விரித்து ஆட்டினாள். பாதை நன்றாக இருக்கிறது, வா. அந்த ஒரு கணம் அவளுக்கு இனித்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கோயில் பூசாரியிடம்கூட.

ஐந்தாவது சுற்று. மாஸ்டர் ஏதோ கத்தினார், காதில் ஏறவில்லை. குளக்கட்டில் ஏறியதும் எதிர்க்காற்று சுவர்மாதிரி நின்றது. வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. கண் மங்கியது. இரண்டு வருடப் பழக்கம் இந்தக் குளக்கட்டில் இதே இடத்தில் என்ன செய்யுமோ, அதை உடம்பு அவளைக் கேட்காமலே செய்தது.

முழங்கையை வெட்டினாள்.

வெட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. ஐயோ. இல்லை, இல்லை. ஆனால் சைக்கிள் ஏற்கெனவே வலப்பக்கம் ஒதுங்கிவிட்டிருந்தது.

டிக் டிக் நின்றது.

இடப்பக்கம் குளிர்ந்தது. ஏதோ ஒன்று அவசரமில்லாமல் கடந்து முன்னுக்குப் போனது. அவள் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். பிறகு காற்று சட்டென்று அடங்கியது, முன்னால் யாரோ அதை உடைக்கத் தொடங்கியதால்.

கண்ணைத் தாழ்த்தினாள். அங்கே ஒரு சக்கரம். ஒரு சாண் தூரத்தில்.

ஈரச் சக்கரம். கம்பிகளில் ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருந்தது. அது தெறித்த தண்ணீர் அவள் உதட்டில் பட்டது. சேற்றுச் சுவை.

மிதிப்பதை நிறுத்தினாள். இப்போது அவளுடைய சக்கரம் சத்தம் போட்டது. டிக் டிக் டிக். வேகம் குறையவில்லை. பிரேக்கைப் பிடித்தாள். கம்பி தளர்ந்து கைப்பிடியோடு ஒட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. தலையை நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. சக்கரத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கட்டு எங்கே முடிகிறது? இன்னும் எவ்வளவு?

இரைச்சல் கேட்டது. வான்.

"ஜெசீ... பாலமாடி?" அவள் குரல் அவளுக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது. "கையக் காட்டுடி. ஒன்னயக் கும்புடுறேன். கையக் காட்டு ஜெசீ!"

சக்கரம் ஒரே நேராக ஓடியது. இரைச்சல் காலுக்கடியில் வந்துவிட்டது.

அப்போது, முன்னால் போகிறவளின் வலக்கை கைப்பிடியை விட்டு மெல்ல முதுகுக்குப் பின்னால் வந்தது. கிளவுஸ் இல்லாத கை. நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த வெளுப்பு, சுருங்கிய தோல், நகத்துக்குள் பாசி.

அந்தக் கையில் ஒரு விரலும் கீழே நீளவில்லை. உள்ளங்கை முழுதாக விரிந்து, நிதானமாக, அன்போடு அழைப்பதுபோல் ஆடியது.

கடைசி நொடியில் முன்னால் ஓடிய சக்கரம் இடப்பக்கம் வெட்டியது.