நிற்காத உத்தரவு

நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பஞ்சநதத்தின் முற்றத்தில் வெயில் மங்கியது.

அண்ணாந்து பார்த்தார். மேகமில்லை. குடவாசல் பக்கம் நாற்பது வேலி ஆண்ட மிராசுதார், கோவணத்தோடு மணையில் அமர்ந்து, சனிக்கிழமை எண்ணெய் உடம்பில் ஊறக் காத்திருந்தார். உச்சியிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முதுகுக்கும் வழிந்த நல்லெண்ணெயில், எள்ளின் மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை ஒளிந்திருந்தது; அழுகிய பூண்டின் வாடை; குறுவைக்குப் பூச்சிமருந்து அடித்த நாளில் வாய்க்கால் தாண்டி வீட்டுக்குள் நுழைந்த அதே வாடை. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, பண்ணையில் மாறவில்லை. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினாறு நாள். ஆளில்லாத அந்த வயலிலிருந்து, மருந்து தெளிக்கும் கருவியின் கைப்பிடியை யாரோ மேலும் கீழும் அடிக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது.

சர்ரக்... சர்ரக்...

"பிரகதா, வயல்ல எவன்டி மருந்தடிக்கிறது?"

"ஒருத்தரையும் காணுமே. நல்லக்கண்ணு செத்ததுலேர்ந்து அந்த மிஷினத் தொட ஆளேது?" என்றாள் அவர் மனைவி பிரகதாம்பாள், அடுப்படியிலிருந்து.

நல்லக்கண்ணு! மூக்கை மூட முழத்துணி கொடுக்காமல், முதுகில் விஷத்தை ஏற்றி, எதிர்க்காற்றில் இவர் இறக்கிவிட்ட ஆள். அவன் வரப்பில் சாய்ந்தபோது அவன் மனைவி பூவம்மாள் இந்த வாசலில் விழுந்து கதறினாள்.

"காரைக் குடுங்கய்யா! மன்னார்குடி ஆஸ்பத்திரில ஊசி போட்டா பொழச்சுக்குவாருங்க!"

"கொடி புடிச்ச கைதானே? சங்கத்தையே தூக்கிட்டுப் போகச் சொல்லு."

நாற்று நட அவன் கை வேண்டும். மூட்டை சுமக்க அவன் தோள் வேண்டும். உயிர் போகும் வேளையில் அவன் உடம்பு கார் இருக்கையில் படக் கூடாது! கார் கொட்டகையில் நின்றது. நல்லக்கண்ணு வரப்பிலேயே முடிந்தான்.

பிணத்தைப் பார்த்த டாக்டர் சொன்னது இப்போது காதில் விழுந்தது. "மூளை போடற உத்தரவு முதுகுத்தண்டு வழியா நரம்புல ஓடி வருது. நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி. அங்க ஒரு ரசம் சுரந்து 'அசை'ன்னு சொல்லும். சொன்னதும் அதை அழிக்க இன்னொரு ரசம் இருக்கு. இந்த விஷம் அழிக்கிறதையே கெடுத்துடும், சார். உத்தரவு நிக்கவே நிக்காது. கண்மணி ஊசிமுனையா சுருங்கும். பகலே இருட்டும்."

அன்று பஞ்சநதம் கொட்டாவி விட்டார்.

பகலே இருட்டும்.

இடது இமை துடித்தது. ஊரையே ஒரு சொல்லில் நிறுத்தியவர், 'நில்' என்று மனத்துக்குள் அதட்டினார். துடித்தது. பிறகு தொடை. பிறகு தோள். தோலுக்கடியில் புழுக்கள் ஊர்வதுபோல் தசைகள் தாமாக நெளிந்தன.

"ஏன்டி... எண்ணெய் எதுல இருந்தது?"

"மருந்து வந்துச்சே, அந்தப் பளபளா டின்னுலதான். ஓட்டை போட்டுப் புதைக்கணுமாம்னு நல்லக்கண்ணு வந்து நின்னப்ப, 'சீமைத் தகரம்டா, புதைக்கவா வாங்கினேன்'னு நீங்கதானே புடுங்கிக் குடுத்தீங்க? கழுவித்தான் ஊத்தி வச்சேன்."

கார். கொட்டகையில் நிற்கிறது. ஊசி. ஒரே ஊசி.

வாயைத் திறந்தார். எச்சில் வழிந்தது. சொல் வரவில்லை.

பிரகதாம்பாள் ஓடி வந்தாள். "ஐயையோ, இப்படி வெடவெடங்கிறீங்களே! வாய்வு புடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு கை எண்ணெய் தேச்சா விட்டுடும்."

டின்னைச் சாய்த்தாள்.

வேண்டாம். நாக்கு துடித்தது, பேசவில்லை. தலையை ஆட்ட உத்தரவிட்டார். தலை கேட்கவில்லை.

வலக்கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. வெறுங்காற்றில் எதையோ இறுகப் பற்றியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"கையைச் சும்மா வைங்களேன்" என்று உச்சியில் அழுத்தித் தேய்த்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "என்ன இது, அதுக்குள்ள மேகம் போடுது?"

வயல் அடங்கியிருந்தது. ஓசை இப்போது முற்றத்தில்.

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...