இரவல் குரல்

வசனத்தைச் சொல்லி முடித்து உமாமகேஸ்வரி வாயை மூடிய பிறகும், பதிவில் யாரோ ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

மணிபாரதி அதை மறுபடி ஓடவிட்டார். சென்னையில் பல காலம் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, உள்ளறையின் நான்கு சுவர்களிலும் பழைய பஞ்சு மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, இரண்டு பேருமாகக் கட்டிக்கொண்ட ஒலிப்பதிவு அறை அது. ஐப்பசி மழையில் மெத்தைகள் ஈரம் குடித்துப் பூசண வாடை அடித்தன. கதவை மூடிவிட்டால் வெளியே கொட்டுகிற மழை எங்கோ தூரத்தில் யாரோ முணுமுணுப்பதுபோல ஒடுங்கிப்போகும். ஹெட்போனுக்குள் அவள் குரல் பட்டினச்சேரி மீன்காரி ஒருத்தியின் வசனத்தைப் பேசி ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் அந்த மூச்சு. நீளமாக, ஈரமாக, அடுத்ததைத் தான் பேசப்போகிறவள் இழுத்துக்கொள்வதுபோல.

"ஒங்க மூச்சுதாம்மா. அழிச்சிடுறேன்" என்றார் மணிபாரதி.

அவள் தலையாட்டினாள். வசனம் முடிந்த கையோடு தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன் அவள் கதாநாயகியாக நடித்த படம் தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு எப்படியோ அது கைபேசிகளில் பரவி, கல்லூரி விடுதிகளில் விடிய விடிய ஓடி, அவள் முகத்தைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரியும் பையன்களை உண்டாக்கியது. கடைசிக் காட்சியில் அவள் திரும்பிப் பார்த்து, "நான் போயிட்டேன்னு யார் சொன்னது?" என்று கேட்பாள். அந்த ஒரு வரிக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆனால் அதைச் சொன்ன குரல் அவளுடையதல்ல. அவள் பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது என்று சொல்லி வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணை அவள் பார்த்ததே கிடையாது. பட்டுப்புடவை விளம்பரத்துக்கு நிற்கப் போனாலும், நகைக்கடை திறக்கப் போனாலும் அந்த வரியைச் சொல்லிக் காட்டச் சொல்வார்கள். சொல்வாள். கேட்டவர்கள் முகம் சட்டென்று விழுந்துவிடும். படத்தை முதல்முறை பார்த்துவிட்டு அவள் அம்மா வடிவாம்பாள் மட்டும், "மொகம் ஒன்னுது. பேசுறவ யாருடி?" என்று கேட்டாள்.

விளம்பரங்களில் சம்பாதித்ததையெல்லாம் கொட்டி அவளே தயாரித்து, அவளே நடித்து, இப்போது டப்பிங் பேசிக்கொண்டிருக்கும் படம் இது. சொந்த ஊரில், சொந்தக் குரலில், எவர் வாசலிலும் காத்து நிற்காமல். படம் நின்றால்தான் அவளும் நிற்பாள்.

மறுநாள் அந்த மூச்சு வசனத்துக்கு முன்னால் வந்தது. பதிவில் அல்ல, அவள் மைக் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே, ஹெட்போனுக்குள், இடது காதின் ஓரமாக. திரும்பிப் பார்த்தாள். மெத்தைதான் இருந்தது. அதன் கோடு போட்ட துணியில், ஒரு ஆள் நின்றால் வாய் இருக்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மணிபாரதி கேபிளை மாற்றினார், மைக்கை மாற்றினார், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். பேச ஆரம்பித்ததும், அவள் சொல்லவேண்டிய வசனத்தை அவளுக்கு அரை நொடி முன்னால் இன்னொரு குரல் கிசுகிசுத்தது. சுத்தமான, எந்த ஊரும் ஒட்டாத குரல். அந்தப் பழைய படத்தில் அவளுடையது என்று நாடே நம்பிக்கொண்டிருந்த குரல். ஹெட்போனைக் கழற்றினால் நிசப்தம். மாட்டினால் அங்கேயே காத்திருந்தது.

பழைய படத்தில் குரல் கொடுத்தது யார் என்று விசாரிக்கச் சொன்னாள். மணிபாரதி மாடிப்படியில் நின்று அந்தப் படத்துக்குக் குரல் பதிவுசெய்த ஸ்டுடியோக்காரர்களிடம் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரும் வந்து பேசலையாம்மா."

"பின்ன?"

"டைரக்டர் ஆளு அனுப்பிட்டாருன்னு இவங்க நெனச்சிருக்காங்க. இவங்களே யாரையோ பேச வச்சிட்டாங்கன்னு அவரு நெனச்சிருக்காரு. ஒருநாள் காலையில வந்து பாத்தா, ஒங்க வசனம் பூரா பதிவாகி இருந்துச்சாம்."

அன்றைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருக்கலாம். மிச்சமிருந்தது கொஞ்சம் வசனம்தான். அதை விட்டுக்கொடுத்தால் இந்தப் படத்துக்கும் யாராவது ஒருத்தி பேசுவாள் என்ற எண்ணம் வந்ததும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மிளகு ரசத்தைச் சூடாகக் குடித்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் குரல் தேய ஆரம்பித்தது. தொண்டை வலிக்கவில்லை, கட்டவுமில்லை. கணினித் திரையில் அவள் பேசப் பேச எழும்பவேண்டிய ஒலியளவுப் பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "கொஞ்சம் சத்தமாம்மா" என்று மணிபாரதி கேட்டுக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர் அவள் கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, கடைசியில் கைச்சாடையைப் பார்த்து டீயை நீட்டினார். அதே நேரத்தில் ஹெட்போனுக்குள் இருந்தவள் மாறிக்கொண்டிருந்தாள். அவளும் இப்போது "வந்துகிட்டு" என்றாள். வார்த்தையின் கடைசியை உமா இழுக்கிற மாதிரியே இழுத்தாள். உமாவுக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் மூக்கில் எழும் சின்னச் செருமல்கூட வந்துவிட்டது.

கடைசிக் காட்சியைப் பதிவு செய்த பிற்பகலில் வானம் கறுத்து, அறைக்குள் கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. திரையில் அவள் முகம் கடலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. மைக் முன்னால் நின்ற அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பயத்தில் பற்கள் இறுகிக் கிடந்தன. காட்சி முழுக்க அப்படியே நின்றாள். முடிந்தது.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்தார்.

"இதாம்மா. இந்த மாதிரி நீங்க பேசுனதே இல்ல."

நான் பேசவில்லை என்றாள். அவர் காதருகே கை வைத்துக் குனிந்தார். கத்தினாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. "தொண்டைக்கு ஓய்வு குடுங்கம்மா" என்று அவர் அன்பாகச் சொன்னார்.

படிக்கட்டில் இறங்கியபடியே வரிச்சிக்குடியில் இருக்கும் அம்மாவை அழைத்தாள்.

"யாரு?" என்றாள் அம்மா. "வெறும் மூச்சுதான் கேக்குது. யாருங்க?"

அம்மா, அம்மா என்று உதட்டைக் குவித்தாள்.

"எம்பொண்ணுகிட்டப் பேசணுமா? அவ வீட்லதான் இருக்கா. கூப்புடவா?"

உமா போனை அணைத்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பேருந்து நிலையத்து விளம்பரப் பலகையில் பட்டுப்புடவை கட்டிய அவள் முகம் மழையில் வழிந்துகொண்டிருந்தது. ஊர் முடிந்து வயல்கள் தொடங்க, நீர் தளும்பும் நாற்றுகளின் பச்சை வாடையும் நண்டு வளைச் சேறும் முகத்தில் அறைய, எதிரே வரும் பேருந்துகளின் விளக்கு கண்ணைக் குருடாக்க, அவள் வாயைத் திறந்து திறந்து ஒரு சத்தமாவது வருகிறதா என்று பார்த்தபடியே போனாள். மழைத்தண்ணீர்தான் உள்ளே போனது.

பொழுது சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. செருமலில் தொடங்கும் சிரிப்பு.

அவளுடைய சிரிப்பு.

கதவு உள்ளே தாழ்ப்பாள். பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினாள். அடுப்படியில் மட்டும் விளக்கு எரிந்தது. அம்மா முதுகைக் காட்டி நின்று மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் பொரிந்தது. கூடத்தில் விளக்கில்லை. அங்கே நாற்காலி இருக்கும் இடம் தெரிந்தது. நாற்காலியும் அதில் உட்கார்ந்திருப்பதும் தெரியவில்லை.

"நல்லா முறுகட்டும்மா" என்றது இருட்டு.

ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா தலையைத் தூக்கினாள்.

"யாரோ தட்டுறாங்கடி."

"மழைம்மா."

அதைச் சொன்னபோது உமாவின் உதடுகள் அசைந்தன. அவள் அசைக்கவில்லை. பல்லால் கடித்தாள். ரத்தம் கரித்தது. கடிபட்ட உதடு நழுவிக்கொண்டு மறுபடி அசையக் காத்திருந்தது.

அம்மா மீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். கூடத்தின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இருட்டுல ஏன்டி ஒக்காந்திருக்க? லைட்டப் போடவா?"

"வேண்டாம். கிட்ட வாம்மா."

ஜன்னலுக்கு வெளியே உமாவின் வாய் அதை எழுத்துப் பிசகாமல் சொன்னது. அம்மா தட்டை ஏந்திக்கொண்டு கூடத்து இருட்டுக்குள் நடந்தாள்.