பன்னிரண்டாவது குத்துக்கால்

அந்த ஐப்பசியில் ஏரிமேல் மரத்தடம் போட்ட வேலையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலையை ஏற்றிருந்தவர் எங்கள் முன்னோரான கோட்டைக்குப்பத்து மேஸ்திரி தசரதன். அவருடைய கையாட்கள் சடையன், கருப்பன். தினமும் சோறு கொண்டுவந்தவள் அவருடைய அண்ணி ரங்கம்மாள். டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து அளவு பார்க்க வந்தவர் அங்கே மொழிபெயர்க்கும் துபாசி அந்தோணிசாமி. மேஸ்திரியின் ஒரே மகன் செங்கல்வராயன் கோட்டைக்குள் இருந்தான். அவனையும் சேர்த்தால் ஆறு பேர். வேறு யாரும் அங்கே இல்லை.

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, விடிந்ததும் தடத்தின் கோடிக்குப் போன தசரதன் அங்கே ஒரு குத்துக்கால் அதிகமாக நிற்பதைப் பார்த்தார்.

முந்தின நாள் சாயங்காலம் வேலையை நிறுத்திய இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசி இணைக் கால்களில் அவரே கயிறு கட்டியிருந்தார். கயிறு அப்படியே இருந்தது. அதற்கு ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த தூரம், தள்ளி, இடது பக்கத்தில், தண்ணீருக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில் ஒரு தூண். நான்கு பேர் அரை நாள் பாடுபட்டால்தான் அந்தச் சேற்றில் ஒரு காலை இறக்க முடியும். இந்தத் தூணைச் சுற்றிச் சேறு கலங்கவே இல்லை. பல வருஷம் அங்கேயே நின்றதுபோலத் தண்ணீர் மட்டம் வரை சிப்பி அப்பியிருந்தது. குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் கையை வைத்துப் பார்த்தார். தூண் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

கோட்டைக் கரையிலிருந்து படகுகள் நிற்கும் ஆழம் வரை சேற்றின் மேல் மரத்தடம் போட்டுத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வரிசைக் குத்துக்கால்கள், மேலே இரண்டு நீளச் சட்டங்கள், அதன்மேல் உருண்டு போகும் தள்ளுவண்டி. துணி மூட்டையும் வெடியுப்பும் இனி நனையாமல் படகேறும். ஆடியில் முடிய வேண்டிய வேலை. சட்டங்கள் வந்தன, பனந்தூண்கள் வரவில்லை. வந்தவற்றில் பாதி ஒரே இரவில் சேற்றுக்குள் போயின. பிறகு காய்ச்சல். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். மூன்று தவணை கழிந்ததும் கோட்டையில் செங்கல்வராயனைப் பிணையாக உட்கார வைத்தார்கள். அமாவாசையன்று தடத்தில் வண்டி ஓடாவிட்டால், அடுத்த நாள் கடலுக்கு அப்பால் பத்தாவிக்குப் போகும் கப்பலில் அவன் அடிமையாக ஏற்றப்படுவான். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை.

தூணுக்கு வழியில்லாமல்தான் தசரதன் அதைச் செய்தார்.

ஏரியில் வலை போட முறை உண்டு. பாடு என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வலை போடும் இடத்தில் ஒரு பனந்தூண். ஏரியில் போனவன் உடல் கரைக்கு வரவில்லையென்றால் அவன் தூணைப் பிடுங்கக்கூடாது. வருஷாவருஷம் முறை கூப்பிடும்போது அவன் பெயரையும் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, “ஏரியில இருக்காரு” என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே அடுத்த பெயர். அப்படி நின்ற தூண்கள் பதினொன்று. அதில் ஒன்று அவருடைய அண்ணன் துளசிங்கத்தினுடையது. தசரதன் பதினொன்றையும் பிடுங்கித் தடத்துக்கு நட்டார். அண்ணனுடையதை முதலில் பிடுங்கினார். பிறர் வீட்டுத் தூணில் கை வைக்கும் முன் தன் வீட்டுத் தூணில் வைப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்.

அன்று ரங்கம்மாள் சோற்றுச் சட்டியைக் கரையில் வைத்துவிட்டு, தூண் பிடுங்கிய இடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“ஆறு வருசமா நான்தான் எழுந்து பதில் சொல்றேன். இன்னா தம்பி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“புள்ளைய கப்பல்ல ஏத்திடுவாங்க அண்ணி.”

“அது தெரியும். உங்க அண்ணனுக்கு இனிமே நிக்க எடம் எதுன்னுதான் கேக்கறேன்.”

 பதினொன்றை நட்ட பிறகும் ஆழத்தைத் தொட ஆறு இணை குறைந்தது. பன்னிரண்டு கால்கள்.

இரண்டாம் நாள் விடியலில் வலது பக்கத்தில் ஒன்று நின்றது. மூன்றாம் நாள் இடது பக்கத்தில். ஒவ்வொரு இணை சேரும்போதும் தசரதன் சட்டத்தைத் தூக்கி வைத்தார். கருப்பன் தூணைப் பார்க்காமல் மறுமுனையைப் பிடித்தான். முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்த அந்தோணிசாமிக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதமாகக் கோட்டையில் தாமதத்தைச் சொல்லிச் சொல்லி அவர் முகம் கறுத்திருந்தது.

“இன்னா மேஸ்திரி, எங்களுக்குத் தெரியாம ராத்திரிலயும் ஆள் வச்சிருக்கீரா? துரை ரொம்ப மெச்சிக்கிறாரு” என்றார்.

தசரதன் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். 

சடையன் கையாலேயே இறால் பிடிக்கிறவன். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் தடவிப் போவான். கண்ணுக்குத் தெரியாததை அவன் கை பார்க்கும். ஏழாம் நாள் மதியம், வெயில் ஏரியைத் தகரம்போல அடித்துக்கொண்டிருந்தபோது, புதுக் கால் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொன்னார் தசரதன். சடையன் மூழ்கினான். நெடுநேரம் கழித்து மேலே வந்தான். கைகளைத் தண்ணீரிலேயே மறுபடி மறுபடி தேய்த்துக் கழுவினான்.

“அடியில வெரலு இருக்குது, மேஸ்திரி.”

“என்ன விரல்?”

“கால் வெரலு. அஞ்சும் சேத்தைக் கவ்விப் புடிச்சிருக்குது.”

அவன் கரையேறினான், பறியைக்கூட எடுக்காமல் போனான். அன்றே கருப்பனும் நின்றுவிட்டான். பிறகு சட்டம் ஏற்ற ரங்கம்மாள்தான் மறுமுனையைப் பிடித்தாள்.  ஒவ்வொரு தூணையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். ஏதோ ஒன்றைத் தேடுகிறவள்போல. பதினோராவது புதுத் தூணில் அவள் கை நின்றது. கையை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

அதோடு சரி. அமாவாசைக்கு முந்தின நாள் புதுக் கால் எதுவும் வரவில்லை. கடைசி இணையில் இடது பக்கம் மட்டும் நின்றது. வலது சட்டத்தின் முனை காற்றில் தொங்கியது.

அமாவாசை விடியலில் ஏரி முழுக்கப் பனி மூட்டம். தசரதன் தனியாகச் சட்டத்தின் மேல் நடந்தார். பத்தடி போனதும் கரை மறைந்தது, கோட்டை மறைந்தது, தன் பாதமும் மறைந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நாரைகள் கத்தும், வலை அலசும் சத்தம் கேட்கும்; அன்று சேற்றின் உப்பு நாற்றமும் கட்டைக்கடியில் யாரோ மூச்சைப் பிடித்து விடுவது போன்ற தண்ணீரின் ஏற்ற இறக்கமும் மட்டுமே இருந்தன. நடக்க நடக்க அந்த மூச்சு அவர் அடிக்கு ஏற்றபடி மாறியது. அவர் நின்றார். மூச்சும் நின்றது.

கோடிக்கு வந்தார். குனிந்து பார்த்தார்.

தூண்கள் இல்லை.

தண்ணீருக்கு மேலே தோள்கள். சிப்பி அப்பிய தோள்கள். அவற்றின் மேல் சட்டம். முகங்கள் கிழக்கே திரும்பியிருந்தன. வாய் மூடியிருந்தது. வலது பக்கம் ஓரிடம் காலி.

அப்போது யாரோ முறை கூப்பிட ஆரம்பித்தார்கள். கரையிலிருந்து அல்ல. தாழ்ந்த குரல். பெயருக்குப் பின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தோள் லேசாக நிமிர்ந்தது. பதினோராவது பெயர் துளசிங்கம். இடது கோடியில் இருந்தது மெல்லத் திரும்பியது. கண்ணிருந்த இடத்தில் சேறு. என்றாலும் அண்ணன்.

பிறகு, “தசரதன்.”

 அடுத்த பெயர் இல்லை. யாராவது பதில் சொல்ல வேண்டும்.

கரையில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. கோட்டையிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள்.

“ஏரியில இருக்கேன்” என்றார் தசரதன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால். இடுப்பு. மார்பு. சேறு பாதத்தை வாங்கிக்கொண்டது. விரல்கள் தாமாகவே மடங்கிச் சேற்றைக் கவ்வின. ஒரு குளிர்ந்த கை அவர் தோளைப் பிடித்து, சட்டத்தின் முனைக்குக் கீழே சரியாக நகர்த்தி வைத்தது.

வண்டி வந்தது. முதல் பாரத்தைப் பிணை இருப்பவனே தள்ள வேண்டும் என்று கோட்டையில் சொல்லியிருந்தார்கள். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது. இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை. செங்கல்வராயன். அவன் பின்னால் அந்தோணிசாமி பேசிக்கொண்டே வந்தார், இந்த நல்ல நாளில் மேஸ்திரி எங்கே போனார் என்று. சட்டம் அழுந்தியது. எலும்பு ஏதோ நகர்ந்தது. மகனின் பாதம் தலைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. “நைனா” என்று அவன் ஒருமுறை ஏரியைப் பார்த்துக் கூப்பிட்டான். கீழே வாய் திறந்தது. உள்ளே சேறு இருந்தது.

தடம் அசையவில்லை. அன்று மாலையே செங்கல்வராயனை விட்டுவிட்டார்கள்.

தசரதன் மானத்துக்குப் பயந்து நெல்லூர்ப் பக்கம் ஓடிப்போய்விட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் எங்கேயும் போகவில்லை.