பதினேழாம் எண்ணின் முடிவு

காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் வரிசை நின்றது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாம்பல் நிறத் திரையங்கியை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையில் குரல்சமனியை அழுத்தினார்கள். அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே உருவம், ஒரே குரல். மார்பில் ஒளிரும் எண்தான் எனக்கு அடையாளம். தூத்துக்குடியில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். கடைசி எட்டு வருடம் இப்படித்தான்.

யார் ஆண், யார் பெண் என்று ஆசிரியருக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். பதினொன்றாம் வகுப்பில் என்ன படிக்கப்போகிறோம் என்று பிள்ளைகள் அறிவித்த மறுநாள்தான் அங்கியைக் கழற்றி முகம் காட்டும் முகநாள். முன்பெல்லாம் மின்சுற்றுப் பெட்டியைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பெண்பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பையன்கள் தமிழில் கோட்டைவிட்டால் பசங்கதானே என்று விட்டுவிடுவோம். திரை வந்தபின் மதிப்பெண் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. அதனால் இந்தச் சட்டத்தை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? பதினேழாம் எண்ணைப் பையன் என்றே முடிவு கட்டியிருந்தேன். முன்பெஞ்சின் மேல் கால் நீட்டி உட்காரும். ஓடாத மின்விசிறியைக் கேட்காமலே கழற்றிப் போடும். இயற்பியலில் நூற்றுக்கு நூறு. நேற்று அறிவிப்பு மேடையில் அந்தப் பதினேழு, "குழந்தை வளர்ப்பியல்" என்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். "இதுக்குத்தாம்ப்பா தைரியம் வேணும்" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினேன்.

இன்று முகநாள். மண்டபத்தில் அங்கிகள் கழன்றன. பதினேழுக்குள்ளிருந்து இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி வெளியே வந்தாள். பெயர் ஜெசிந்தாவாம்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முகம் தெரிந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் முடிவை மாற்றலாம். மாற்றுச் சீட்டு போட மூலையில் ஒரு பெட்டி உண்டு. பெற்றோர் பேசலாம், ஆசிரியர் மட்டும் பாடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திரைக்குள் எடுத்த முடிவுகளில் பாதி இந்த ஒரு மணி நேரத்தில்தான் கவிழும். இத்தனையும் தெரிந்துதான் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஏம்மா, நல்லா யோசிச்சியா? இவ்வளவு பிசிக்ஸ வச்சிக்கிட்டு பிள்ள பாக்கப் போறேங்கிற. வீணாப் போயிருமேம்மா."

அவள் சீட்டைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"நேத்து தைரியம்னு சொன்னிய சார். இன்னைக்கு வீணுன்னு சொல்லுதிய. ரெண்டு நாளும் நான்தான சார்?"

"நேத்து ஒன்னப் பையன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

"எந்தம்பிக்கு எட்டு மாசம் சார். ஸ்பூனத் தூக்கிப் போட்டுட்டு, மேல பாக்க மாட்டான், கீழதான் எட்டிப் பாப்பான். கீழதான் விழும்னு அவனுக்கு யாரு சார் சொன்னா? அதத்தான் படிக்கப் போறேன்."

இருபது வருடமாகப் புவியீர்ப்பு நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மஞ்சள் சட்டையோடு நேரே வந்திருந்தார். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது.

"மாத்தணுமா சார்? நீங்க சொன்னா இப்பமே கையெழுத்துப் போடுதேன். நீங்க அவ நல்லதுக்குத்தான சொல்லுவிய."

ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. இந்தச் சீட்டு எனக்கு எடுத்தது" என்றேன்.

அதில் என் பெயரை எழுதினேன். தடையை மீறி மாணவியிடம் பேசிய விவரத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிடுவார், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு மணி நேரம் முடிந்து மணி அடித்தபோது பதினேழாம் எண்ணின் முடிவு நேற்று இருந்தபடியே இருந்தது. மாறியது என்னுடையதுதான்.