அசந்த நேரம்

1974, மே மாதம். பகல் ஒரு மணி. மரக்காணம் உப்பளத்தில் இருதயநாதன் தன் பாத்தியிலேயே குப்புறச் செத்துக் கிடந்தான். பிடரியில் உப்பு வாரும் பலகையின் கட்டையால் விழுந்த அடி. தலைத்துணி மட்டும் கையில் சுருண்டிருந்தது, ஒரு துளி ரத்தம் இல்லாமல்.

கடைத்தெருவிலிருந்து ஓடிவந்ததாகச் சொன்ன தம்பி அருள்பிரகாசம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். “அசந்த நேரத்துல அடிச்சிட்டானே” என்றான். ஊர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடித்தவன் பக்கத்துப் பாத்திக்காரன் கன்னியப்பன்தானாம். முந்தின நாள் வாய்க்கால் தண்ணீருக்காக இருவரும் கட்டிப் புரண்டிருந்தார்கள். ஊருக்கு அது போதாதா? தூக்குக் கயிறு வரைக்கும் பேசிவிட்டார்கள். கன்னியப்பன் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் சிவஞானத்துக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. நேற்றுச் சண்டை போட்டவன் கிட்டே வந்தால் எவனாவது அசருவானா? உச்சி வெயிலில் தலைத்துணியை எடுப்பானா? உப்பில் இரண்டு முழங்கால் தடங்கள் வேறு இருந்தன.

சாயங்காலம் இறந்தவனின் மனைவி மரியசெல்வியை வரவழைத்துக் கேட்டார். பகல் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடித்தால் தலைத்துணியை எடுத்து, மண்டியிட்டு ஜெபம் சொல்வது வழக்கம் என்றாள்.

“இன்னிக்கு மணி அடிச்சுதாம்மா?”

“இல்லீங்க. கீறல் விட்டுடுச்சுன்னு போன வாரமே மணிய இறக்கிட்டாங்க. கொழுந்தனார் கையில வாட்ச் இருக்குது. அவருதான் நேரம் பாத்து ஆரம்பிப்பாரு, இவரு பதில் சொல்லுவாரு.”

சொல்லி முடித்ததும் அவளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உப்பளத்தைப் பிரித்துக் கொடு என்று ஒரு வருஷமாக அண்ணனிடம் மல்லுக்கு நின்றவன் அந்தத் தம்பி. சிவஞானம் அவனை எதிரில் உட்காரவைத்தார்.

“மணியே அடிக்கல. உங்கண்ணன் யார் குரலுக்கு மண்டி போட்டாரு? கன்னியப்பன் வந்து ஜெபம் சொன்னானா?”

அருள்பிரகாசம் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். பிறகு அழுதான். இந்தத் தடவை அது நிஜ அழுகை.

“அசந்த நேரத்துல அடிச்சேன்னு எழுதிக்கவா?”

“வேணாங்க. அவரு அசரலை. என்னை நம்பித்தான் கண்ண மூடினாரு.”

கன்னியப்பனை வெளியே விட்டார்கள். மரியசெல்வி வாசற்படியில் நின்றிருந்தாள். கொழுந்தனைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு ஜெபத்த எதுவரைக்கும் சொன்னாரு?”

“மரண நேரத்துக்கு வேண்டிக்கிற இடம் வரைக்கும், அண்ணி.”

அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். மீதி ஜெபத்தை வழியில் அவள் சொல்லி முடித்தாள்.